பக்கத்து மரத்தடியில் 20 நிமிடம்: படபடப்பு தணியத் தொடங்குவது எப்படி?

மார்ச் மாதக் கணக்கு முடிக்கும் வேலையில் இருப்பவர்களுக்கு இரவு பதினோரு மணிக்கும் நெஞ்சு அடித்துக்கொள்வது புதிதில்லை. எனக்கு அது ஏப்ரலிலும் நிற்கவில்லை, மே மாதத்திலும் நிற்கவில்லை. படுத்தால் காதுக்குள் நாடி கேட்கும். சமையலறையில் குக்கர் விசில் அடித்தால் உடம்பு தூக்கிவாரிப் போடும். இசிஜி, தைராய்டு, ரத்தப் பரிசோதனை எல்லாம் பார்த்த மருத்துவர், இதயத்தில் கோளாறு ஏதும் இல்லை என்றார். தூக்க நேரத்தை ஒழுங்கு செய்யச் சொல்லிவிட்டு, தினமும் கொஞ்ச நேரம் மரம் செடி இருக்கிற இடத்தில் போய்ச் சும்மா உட்காருங்கள் என்றார். மருந்துச் சீட்டை எதிர்பார்த்துப் போன எனக்கு அது போதாது என்றே பட்டது.

ஆனாலும் போனேன். வேளச்சேரிப் பக்கம் எங்கள் தெருவிலிருந்து எட்டு நிமிட நடையில் ஒரு சிறிய மாநகராட்சிப் பூங்கா இருக்கிறது. ஒரு தூங்குமூஞ்சி மரம், இரண்டு புங்கை, கொஞ்சம் அரளி, நான்கு சிமெண்டு பெஞ்சுகள். மூன்று ஆண்டுகளாக அங்கேதான் உட்கார்கிறேன். இப்போது குக்கர் விசில் வெறும் குக்கர் விசிலாகக் கேட்கிறது. புதிதாகத் தொடங்குகிறவர்களுக்கு, நான் தட்டுத்தடுமாறிக் கற்றுக்கொண்டதை வரிசையாகச் சொல்லிவிட வேண்டும் என்று இதை எழுதுகிறேன்.

உடம்புக்குள் என்ன நடக்கிறது?

இதயத் துடிப்பு, மூச்சு, செரிமானம், வியர்வை ஆகியவற்றை நம்மைக் கேட்காமலேயே கவனித்துக்கொள்ளும் நரம்புகளைத் தன்னியக்க நரம்பு மண்டலம் என்கிறோம். பள்ளிப் பாடத்தில் படித்ததுதான். அதில் பரிவு நரம்புகள் ஆபத்து நேரத்துக்கானவை. இதயத்தை விரட்டும், கண்மணியை விரிக்கும், செரிமானத்தை ஒத்திவைக்கும், அட்ரினலினைச் சுரக்க வைக்கும். எதிர்ப்பரிவு நரம்புகள் இதற்கு மாற்று. துடிப்பைத் தணித்து, உண்டதைச் செரிக்க வைத்து, உடம்பைப் பழைய நிலைக்குக் கொண்டுவரும். அந்தப் பணியில் பெரும்பங்கு வேகஸ் நரம்புடையது. மூளையின் அடித்தண்டில் புறப்பட்டுக் கழுத்து, மார்பு வழியாக வயிறுவரை கிளை பரப்பிச் செல்லும் நீண்ட நரம்பு அது. அட்ரினலின் சட்டென ஏறிச் சட்டென இறங்கும். அதோடு சேர்ந்து வரும் கார்டிசால் என்ற அழுத்த ஹார்மோன் மெதுவாகத்தான் இறங்கும்.

மாடு துரத்தினால் ஓடுகிறோம். சந்து திரும்பியதும் மாடு போய்விடுகிறது, உடம்பும் அடங்கிவிடுகிறது. லாரி ஹார்ன், கடன் தவணைக் குறுஞ்செய்தி, மேலாளரின் "உடனே அழைக்கவும்" ஆகியவற்றுக்கும் உடம்பு அதே மாட்டுக்குத் தயாராவதுபோலத்தான் தயாராகிறது. அங்கே சந்து திரும்பும் தருணம் மட்டும் வருவதில்லை. ஆபத்து முடிந்துவிட்டது என்று உடம்புக்குச் சொல்ல ஒரு வழி வேண்டியிருக்கிறது. மரநிழலும் திறந்த வானமும் அப்படி ஒரு வழி.

இது என் ஆசைக்காகச் சொல்வதில்லை. ஜெர்மனியில் நடந்த ஓர் ஆய்வு 2022இல் வெளியானது. 63 பேரைப் பிரித்து, ஒரு பகுதியினரை பெர்லினில் உள்ள குரூனவால்ட் காட்டிலும், மற்றவர்களை நெரிசலான கடைவீதியிலும் ஒரு மணி நேரம் நடக்கவிட்டார்கள். நடைக்கு முன்னும் பின்னும் மூளையை ஸ்கேன் எடுத்தார்கள். அச்சத்தையும் அழுத்தத்தையும் கையாளும் அமிக்டலா என்ற பகுதியின் செயல்பாடு காட்டில் நடந்தவர்களுக்குக் குறைந்திருந்தது. கடைவீதியில் நடந்தவர்களுக்கு அப்படியே இருந்தது. கால்கள் நடந்த நேரம் இரு தரப்புக்கும் ஒன்றே, இடம்தான் வேறு.

முதல் படி: இடம் தேடுங்கள், பக்கத்திலேயே

இங்கேதான் பெரும்பாலானவர்கள் சறுக்குகிறார்கள். இயற்கை என்றதும் கொடைக்கானல், வால்பாறை என்று மனம் ஓடுகிறது. விடுமுறை கேட்டு, டிக்கெட் எடுத்து, கொண்டை ஊசி வளைவுகளில் நெரிசலில் நின்று, திங்கட்கிழமை காலை களைத்துப்போய்த் திரும்புகிறோம். மலை எனக்கும் பிடிக்கும். ஆனால் ஆண்டுக்கு இரண்டு நாள் மலை, மீதி நாளெல்லாம் கான்கிரீட் என்றால் நரம்புகளுக்கு அந்த அமைதி பழக்கமாவதில்லை. திரும்பத் திரும்ப ஒரே இடத்துக்குப் போவதில்தான் பலன். நான் மீண்டும் மீண்டும் சொல்ல விரும்புவது இந்த ஒன்றைத்தான்.

வீட்டிலிருந்தோ அலுவலகத்திலிருந்தோ பத்து நிமிட நடைக்குள் ஓர் இடத்தைத் தேடுங்கள். நிழல் தரும் அளவுக்கு வளர்ந்த மரம் ஒன்று, உட்கார ஓர் இடம், தலைக்கு மேல் கொஞ்சம் வானம், கண்ணுக்கெட்டும் தூரத்தில் நாலு பேர் நடமாட்டம். இவ்வளவு போதும். ஆள் நடமாட்டத்தைக் கடைசியில் சொன்னாலும் அதுதான் முக்கியம். பயந்துகொண்டே உட்கார்ந்தால் எந்த நரம்பும் அடங்காது. தனியாகப் போகும் பெண்கள் மற்றவர்கள் நடைப்பயிற்சிக்கு வரும் நேரத்தைத் தேர்ந்தெடுப்பது நல்லது.

பூங்கா இல்லாத பகுதியென்றால் கோயில் பிராகாரத்தைப் பாருங்கள். தல விருட்சம் என்ற பெயரில் நம் ஊர்கள் ஒரு மரத்தையாவது வெட்டாமல் காப்பாற்றி வைத்திருக்கின்றன. மயிலாப்பூர் கபாலீசுவரர் கோயிலில் புன்னை, திருவான்மியூர் மருந்தீசுவரர் கோயிலில் வன்னி. குளக்கரைப் படி, ஏரிக்கரை நடைபாதை, கடற்கரை மணல், கல்லூரி வளாகம், அடுக்குமாடிக் குடியிருப்பின் பின்பக்க வேப்பமரம் என எதுவும் ஆகும். கடலோரம் இருப்பவர்களுக்கு மரம்கூட வேண்டியதில்லை, அலையே போதும்.

சென்னையில் இருப்பவர்கள் பெரிய பசுமையை எப்போதாவது போய்ப் பார்த்துவிட்டு வரலாம். கிண்டி தேசியப் பூங்கா சுமார் 270 ஹெக்டேர். மாநகரின் நடுவில் வெளிமானும் புள்ளிமானும் மேயும் காடு. அடையாறு பிரம்மஞான சபை வளாகத்தில் உள்ள ஆலமரத்துக்கு வயது சுமார் 450 என்கிறார்கள். 1989இல் அடித்த புயல்காற்றில் தாய்மரம் சாய்ந்துவிட்டது. விழுதுகள் மரங்களாகி நின்று இன்னும் நிழல் தருகின்றன. அனுமதி நேரத்தை முன்கூட்டியே விசாரித்துக்கொண்டு போங்கள். ஆனால் அவை திருவிழா நாளுக்கு. அன்றாடச் சோறு உங்கள் தெருமுனை மரத்தடியில்தான்.

இரண்டாம் படி: நேரத்தைக் குறியுங்கள்

எவ்வளவு நேரம் வேண்டும்? இதற்குக் கைக்கு எட்டும் பதில் ஒன்று இருக்கிறது. அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த மேரிகரோல் ஹன்டரும் அவர் குழுவினரும் 2019இல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். நகரத்தில் வாழும் 36 பேர், எட்டு வாரம், வாரத்துக்கு மூன்று முறையாவது, குறைந்தது பத்து நிமிடம். எங்கே, எப்போது என்பதை அவரவரே முடிவு செய்துகொண்டார்கள். பகல் வெளிச்சத்தில் போக வேண்டும். வேகமான உடற்பயிற்சி, கைபேசி, புத்தகம், அரட்டை கூடாது. முன்னும் பின்னும் எச்சில் மாதிரி எடுத்து கார்டிசாலை அளந்தார்கள். 20 முதல் 30 நிமிடம் வரைதான் கார்டிசால் நன்றாக வேகமாக இறங்கியது. அதற்கு மேல் இருந்தாலும் குறைந்தது, ஆனால் மெதுவாக.

ஆகவே 20 நிமிடம், வாரத்துக்கு மூன்று நாள். அதில் தொடங்குங்கள். தினமும் ஒரு மணி நேரம் என்று சபதம் எடுத்தவர்கள் ஒன்பதாம் நாள் நிறுத்திவிடுவதைப் பார்த்திருக்கிறேன்.

காலையா மாலையா என்றால், நம் ஊர் வெயிலுக்குக் காலை ஏழு மணிக்கு முன்பு சுகம். சித்திரை, வைகாசியில் வேறு வழியே இல்லை. மாலையில் வருகிறவர்கள் கொசுவுக்கு முன்னேற்பாட்டோடு வாருங்கள்: முழுக்கைச் சட்டை, கொசு விரட்டிக் களிம்பு. கொசு கடிக்கும்போது வேகஸ் நரம்பைப் பற்றி யோசிக்க முடியாது. நண்பகலில் பூட்டிவிடும் பூங்காக்களும் உண்டு, வாசல் பலகையைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

மூன்றாம் படி: கைபேசியை அடக்குங்கள்

வீட்டிலேயே விட்டுவிட முடிந்தால் மிக நல்லது. முடியாதவர்கள் ஒலியை நிறுத்திப் பையின் அடியில் போடுங்கள். சிறு குழந்தை, நோயாளி வீட்டில் இருந்தால் அந்த ஓர் எண்ணுக்கு மட்டும் மணி ஒலிக்குமாறு வைத்துக்கொள்ளலாம். பாட்டு கேட்பதையும் இந்த 20 நிமிடத்துக்குத் தள்ளிவையுங்கள். காதில் ஏதேனும் செருகியிருந்தால் மரத்திலிருந்து வரும் எதுவும் உள்ளே போகாது.

நான்காம் படி: நாடியை எண்ணுங்கள்

உட்கார்ந்து இரண்டு நிமிடம் ஆன பிறகு, கட்டைவிரலுக்குக் கீழே மணிக்கட்டில் ஆள்காட்டி விரலையும் நடுவிரலையும் வைத்து 30 விநாடி துடிப்பை எண்ணி இரண்டால் பெருக்குங்கள். கட்டைவிரலால் எண்ணாதீர்கள், அதன் துடிப்பே கேட்டுக் குழப்பும். ஓய்வில் இருக்கும் பெரியவர்களுக்கு நிமிடத்துக்கு 60 முதல் 100 வரை என்பது பொதுவான அளவு. ஒரு சிறிய நோட்டில் தேதியோடு குறித்துக்கொள்ளுங்கள். கிளம்பும்போது மறுபடி எண்ணுங்கள்.

என் நோட்டின் முதல் பக்கத்தில் வந்தபோது 94, போகும்போது 92 என்று இருக்கிறது. இரண்டு துடிப்பு. அன்று மனம் சோர்ந்துபோனேன். இப்போது புரட்டிப் பார்க்கையில், வந்தபோது இருக்கும் எண்ணே மாதத்துக்கு மாதம் இறங்கியிருப்பது தெரிகிறது. அதே காலத்தில் தூக்கத்தையும் சரிசெய்துகொண்டேன் என்பதால் முழுப் புகழையும் புங்கை மரத்துக்கே கொடுத்துவிட முடியாது. எண்களை நாள்தோறும் ஒப்பிட்டுப் பதறுகிற இயல்புடையவர்கள் இந்தப் படியை விட்டுவிடுங்கள், நஷ்டமில்லை.

ஐந்தாம் படி: உட்காருங்கள்

சொல்வதற்கு எளிது. முதல் ஐந்து நிமிடம் பொறுக்க முடியாததாக இருக்கும். கை தானாகச் சட்டைப்பையைத் தடவும். அடுப்பை அணைத்தோமா என்று தோன்றும். எதிரே வேகமாக நடக்கிறவர்கள் எல்லாம் உருப்படியாக ஏதோ செய்வதுபோலவும், நாம் மட்டும் வீணாக உட்கார்ந்திருப்பதுபோலவும் இருக்கும். அந்த அரிப்பு இயல்பானது. ஓடிக்கொண்டிருந்த மின்விசிறி சுவிட்சை அணைத்ததும் நின்றுவிடுவதில்லை.

அந்த நேரத்தில் மூச்சில் கவனம் வையுங்கள். மூக்கு வழியாக நான்கு எண்ணும்வரை இழுத்து, ஆறு எண்ணும்வரை விடுங்கள். உள்ளே இழுக்கும்போது இதயம் சற்று வேகமாகவும், வெளியே விடும்போது வேகஸ் நரம்பின் பிடியில் சற்று மெதுவாகவும் துடிக்கும். விடும் மூச்சை நீட்டுவது அதனால்தான். பத்து முறை செய்துவிட்டு எண்ணுவதை நிறுத்திவிடுங்கள்.

பிறகு காது. மிக அருகில் கேட்கும் ஒலி எது? என் மரத்தில் அது பெரும்பாலும் அணில். அதற்கு அப்பால்? தவிட்டுக்குருவிகள் ஏழெட்டு சேர்ந்து சண்டை போடும். அதற்கும் அப்பால், எங்கோ ஒரு செம்மார்புக் குக்குறுவான், செம்புப் பாத்திரத்தைத் தட்டுவதுபோல "டுக் டுக் டுக்" என்று விடாமல் கூப்பிடும். அதற்கும் அப்பால் நூறடிச் சாலை. ஹார்ன் கேட்கும், கேட்காமல் இராது. அதோடு மல்லுக்கு நிற்காதீர்கள். ஒலிகளின் வரிசையில் அதுவும் ஒன்றாகக் கடைசியில் கிடக்கட்டும்.

பிறகு கண். ஒரு கிளையைத் தேர்ந்துகொண்டு பாருங்கள். ஏன் இலையைப் பார்க்க வேண்டும்? ரேச்சல் கப்லன், ஸ்டீபன் கப்லன் என்ற உளவியலாளர் தம்பதி இதற்கு ஒரு விளக்கம் தந்தார்கள். நம் கவனம் இருவகைப்படும். கணக்குப் பேரேட்டில் எண்களைச் சரிபார்ப்பது போன்ற, நாமே பிடித்து இழுத்து நிறுத்துகிற கவனம் ஒன்று, அது களைத்துப்போகும். காற்றில் அசையும் இலை, ஓடும் நீர், நகரும் மேகம் ஆகியவை நம்மிடம் எதையும் கேட்காமல் தாமே மெல்ல ஈர்ப்பது இன்னொன்று. இரண்டாவது வேலை செய்யும்போது முதலாவது ஓய்வு பெறுகிறது. கைபேசித் திரையும் ஈர்க்கிறதே என்று கேட்கலாம். அது பிடரியைப் பிடித்து இழுக்கிறது, யோசிக்க இடம் விடுவதில்லை. இலை விடுகிறது.

யோசனை திரும்பத் திரும்ப வரும். தவணை, மகளின் தேர்வு, யாரோ சொன்ன ஒரு சொல். வந்ததைக் கவனித்துவிட்டு மறுபடி இலைக்கு வாருங்கள். நூறு முறை போனால் நூறு முறை வாருங்கள். எனக்கு மூன்றாம் வாரம் ஒருநாள் காரணமே தெரியாமல் கண்ணீர் வந்தது. நிறுத்த முயலவில்லை, வந்து போயிற்று. சில நாள்களில் ஒன்றுமே நடக்காது. வெறும் 20 நிமிடம் கழியும். அந்த நாள்களும் கணக்கில் சேரும்.

கண்ணை மூட வேண்டிய கட்டாயம் இல்லை. மூடினால் படபடப்பு கூடுகிறவர்கள் நிறையப் பேர். திறந்தே வைத்திருங்கள், உட்கார முடியாவிட்டால் மரத்தைச் சுற்றி மெதுவாக நடங்கள். செருப்பைக் கழற்றிவிட்டு மண்ணில் பாதம் வைப்பது எனக்கு இதமாக இருக்கிறது. கண்ணாடிச் சில்லு, கட்டெறும்பு இருக்கிறதா என்று முதலில் பார்த்துக்கொள்ளுங்கள். மழைக்குப் பிறகு புதர், சருகுக் குவியல் பக்கம் போகவே வேண்டாம்.

ஆறாம் படி: எழுந்து போகும் விதம்

நேரம் முடிந்ததும் தாவி எழாதீர்கள். நாடியை எண்ணிக் குறியுங்கள். அன்று பார்த்த ஒன்றை ஒரே வரியில் எழுதுங்கள்: "புங்கை பூத்துக் கீழே பொரி இறைத்தாற்போல் கிடந்தது", "நாட்டுவாதுமை இலை சிவந்துவிட்டது". வீட்டு வாசல்வரை கைபேசியை எடுக்காமல் நடங்கள். இந்த எட்டு நிமிடத்தில்தான் நான் அதிகம் தோற்றிருக்கிறேன், அதனால் அழுத்திச் சொல்கிறேன்.

ஒரு மாதம் கழித்து

மூன்று நாள் நிலைத்துவிட்டால் நாளைக் கூட்டுங்கள். இங்கிலாந்தில் ஏறத்தாழ 20,000 பேரிடம் பெற்ற தகவல்களை வைத்து 2019இல் வெளியான ஆய்வொன்று, வாரத்துக்கு 120 நிமிடமாவது இயற்கையில் இருந்தவர்கள் தங்கள் உடல்நலமும் மனநிறைவும் நன்றாக இருப்பதாகச் சொல்லும் வாய்ப்பு அதிகம் என்று காட்டியது. ஒரே மூச்சில் இருந்தாலும் துண்டு துண்டாக இருந்தாலும் வித்தியாசம் இல்லை. நலமாக இருப்பவர்களே அதிகம் வெளியே போகிறார்களோ என்ற கேள்வி அதில் மிச்சமிருக்கிறது; ஆனாலும் இலக்காக வைத்துக்கொள்ள நல்ல எண். ஆறு நாள், 20 நிமிடம்.

ஐப்பசி, கார்த்திகையில் மழை தொடர்ச்சியை அறுத்துவிடும். அந்த வாரங்களில் மொட்டைமாடிப் படிக்கட்டிலோ திண்ணையிலோ உட்கார்ந்து மழையையே பாருங்கள்.

எதற்கு இது போதாது?

மார்பு வலி, மூச்சுத் திணறல், மயக்கம், ஓய்விலும் தாறுமாறாக ஓடும் துடிப்பு இருந்தால் மரத்தடிக்குப் போகாமல் மருத்துவரிடம் போங்கள். ரத்தக்கொதிப்பு மாத்திரையையோ மனநல மாத்திரையையோ நீங்களாக நிறுத்தாதீர்கள். ஆஸ்துமா உள்ளவர்கள் பூத்தூள் கொட்டும் பருவத்தில் மரத்தை மாற்றிக்கொள்ளுங்கள். உயிரோடு இருந்து என்ன பயன் என்ற எண்ணம் வந்தால் அந்த நிமிடமே வீட்டில் ஒருவரிடம் சொல்லுங்கள். 14416 என்ற எண்ணில் டெலிமானஸ் என்ற மனநல உதவிச் சேவையில் இலவசமாகப் பேசலாம், தமிழில் பேசலாம். தமிழ்நாட்டில் 104 என்ற எண்ணும் இருக்கிறது.

வெளியே போக முடியாதவர்களுக்கு

என் அம்மாவுக்கு முழங்கால் வலி, படி இறங்க முடியாது. அவருக்காகத் தேடியபோதுதான் ரோஜர் உல்ரிச் 1984இல் வெளியிட்ட ஆய்வைப் பற்றி அறிந்தேன். அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்தில் ஒரு மருத்துவமனையில் பித்தப்பை அறுவை சிகிச்சை செய்துகொண்ட 46 பேரின் பதிவேடுகளை அவர் ஒப்பிட்டார். பாதிப் பேரின் சன்னலுக்கு வெளியே மரங்கள், மீதிப் பேருக்குச் செங்கல் சுவர். மரத்தைப் பார்த்தவர்கள் சீக்கிரம் வீடு திரும்பியிருந்தார்கள். கடுமையான வலிநிவாரணி அவர்களுக்குக் குறைவாகவே தேவைப்பட்டிருந்தது.

அம்மாவின் கட்டில் அதுவரை தொலைக்காட்சியைப் பார்த்துக் கிடந்தது. பின்பக்கச் சன்னலுக்கு வெளியே அடுத்த வீட்டு முருங்கை மரம் இருக்கிறது. கட்டிலைத் திருப்பிப் போட்டோம். படுத்தபடியே மரம் தெரியும் உயரத்துக்கு இரண்டு தலையணை, சன்னலுக்குக் கொசுவலை, வெளிச்சுவரில் ஒரு தட்டில் தண்ணீர். தண்ணீரை நாள்தோறும் மாற்ற வேண்டும், இல்லாவிட்டால் கொசு முட்டையிடும். காலையில் தேன்சிட்டு வந்ததா என்று நான் கேட்பதற்கு முன்பே அம்மா சொல்லிவிடுகிறார்.